கிருஷ்ணகிரிக் கறுப்புக் கல் நுண்மணிப் பாறையாக இருந்தும் ஊடுருவிய தீப்பாறை எனப்படுவது ஏன்?

கேள்வி: சமூக அறிவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். தீப்பாறைகளைப் பற்றிய பாடத்தில், பாறைக்குழம்பு புவிக்குள்ளேயே மெல்லக் குளிர்ந்தால் பெரிய படிகங்களைக் கொண்ட ஊடுருவிய தீப்பாறை உருவாகும் என்றும், மேற்பரப்புக்கு வந்து விரைவாகக் குளிர்ந்தால் கண்ணுக்குப் புலப்படாத நுண்படிகங்களைக் கொண்ட வெளிப்புறத் தீப்பாறை உருவாகும் என்றும் சொல்லிக்கொடுக்கிறோம். முன்னதற்குக் கிரானைட்டும் பின்னதற்குப் பசால்ட்டும் சான்றாகத் தரப்படுகின்றன. தேர்வு எழுதுவதற்கு இது போதும். ஆனால் கல்லையே மாணவர்களின் கையில் கொடுத்தபோது இந்த விளக்கம் போதவில்லை.

எங்களிடம் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று, மும்பையிலிருந்து புனே செல்லும் மலைப்பாதையின் ஓரத்தில் எடுத்த பசால்ட். மற்றொன்று, பள்ளிக்கு அருகிலுள்ள குவாரியில் கேட்டு வாங்கிய கறுப்புக் கல். வணிகத்தில் பிளாக் கிரானைட் என்று விற்கப்படும் இந்தக் கல்லை நிலவியல் படித்தவர்கள் டோலரைட் என்கிறார்கள். அது ஊடுருவிய தீப்பாறை வகையைச் சேர்ந்தது என்றும் சொல்கிறார்கள். இரண்டு கற்களும் கறுப்பு, இரண்டும் கனமானவை, இரண்டிலும் இதுதான் படிகம் என்று விரல் வைத்துக் காட்டும்படி வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. குவாரியில் கறுப்புப் பாறை முடிந்து பக்கத்துப் பாறை தொடங்கும் விளிம்பிலிருந்து கொடுத்த ஒரு துண்டோ பசால்ட்டைவிடவும் நுண்மையாக இருக்கிறது. "அப்படியென்றால் இதுவும் வெளிப்புறத் தீப்பாறைதானே, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நாங்கள் கற்பித்த விதியை வைத்துப் பார்த்தால் அவள் சொல்வதை மறுக்க வழியில்லை.

இந்தக் கறுப்புக் கல் ஊடுருவிய பாறை என்று எந்த அடிப்படையில் சொல்கிறார்கள்? படிகங்களின் அளவை வைத்துப் பிரிக்க முடியாதென்றால் வேறு எதை வைத்துப் பிரிக்க வேண்டும்? கையில் ஒரு துண்டு மட்டும் இருக்கும்போது எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்லலாம் என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால், மாணவர்களுக்குச் சரியான விடையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற நிலவியலாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி விதியைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறார். அவருக்குச் சொல்லப்பட்ட விதிதான் முழுமையாக இல்லை. ஊடுருவியது, வெளிப்புறத்தது என்னும் பிரிவு, பாறைக்குழம்பு எந்த இடத்தில் உறைந்தது என்பதை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. ஏற்கெனவே இருந்த பாறைகளுக்கு நடுவே புகுந்து அங்கேயே உறைந்தால் அது ஊடுருவிய பாறை. நிலத்தின் மீதோ கடலடியிலோ வெளிப்பட்டு உறைந்தால் அது வெளிப்புறப் பாறை. படிகங்களின் அளவு, உறைந்த இடத்தை நாம் ஊகிப்பதற்கு உதவும் தடயங்களில் ஒன்று. அது நல்ல தடயம்தான், ஆனாலும் தடயத்தையே வரையறையாகக் கொண்டால் உங்கள் வகுப்பில் ஏற்பட்ட குழப்பம் எல்லா வகுப்பிலும் ஏற்படும்.

படிகம் ஏன் பெரிதாகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. சர்க்கரைப் பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி நாள்கணக்கில் ஆறவிட்டால் கற்கண்டு விளைகிறது. அதே பாகைத் தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆற்றினால் படிகமே இல்லாத, கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கிறது. பாறைக்குழம்பு மெல்லக் குளிரும்போது சில படிகக் கருக்களே தோன்றுகின்றன. அவற்றைச் சுற்றி அணுக்கள் வந்து சேரக் காலம் இருப்பதால் அவை பெரிதாக வளர்கின்றன. விரைந்து குளிரும்போது ஒரே நேரத்தில் எண்ணற்ற கருக்கள் தோன்றி, எதுவும் வளர இடமோ நேரமோ இல்லாமல் உறைந்துவிடுகின்றன. இதுவரை உங்கள் பாடநூல் சொல்வதும் இதுவே.

பாடநூல் சொல்லாமல் விடுவது, குளிரும் வேகம் ஆழத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதுதான். குழம்புத் திரளின் தடிமனுக்கு இதில் மிகப் பெரிய பங்கு உண்டு. சுற்றியுள்ள பாறை ஏற்கெனவே எவ்வளவு சூடாக இருந்தது என்பதற்கும் பங்கு உண்டு. வெப்பம் பாறையின் வழியே கடத்தப்பட்டு மட்டும் வெளியேறுவதாகக் கொண்டால், குளிர்வதற்கு ஆகும் காலம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. தோராயமாகச் சொன்னால், 1 மீட்டர் அகலமுள்ள ஒரு பிளவில் புகுந்த குழம்பு இரண்டு வாரத்திற்குள் தன் சூட்டைப் பெரும்பாலும் இழந்துவிடும். 10 மீட்டர் அகலமென்றால் சில ஆண்டுகள் ஆகும். 100 மீட்டருக்குச் சில நூறு ஆண்டுகள். 1 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 30,000 ஆண்டுகள். கிரானைட் போன்ற அடியாழப் பாறைகள் பல கிலோமீட்டர் குறுக்களவுள்ள திரள்களாக உறைந்தவை என்பதால், அவற்றின் படிகங்கள் வளர இலட்சக்கணக்கான ஆண்டுகள்கூடக் கிடைத்திருக்கின்றன. உங்கள் ஊர்க் கறுப்புக் கல்லுக்கு அந்த அவகாசம் இல்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் கறுப்புக் கல், டைக் என்று அழைக்கப்படும் குத்துப்பாறைகளிலிருந்து வெட்டப்படுகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அப்பகுதியில் உள்ள நைஸ் என்னும் பழமையான உருமாறிய பாறைகள் நீளநீளமாகப் பிளந்தபோது, அந்தப் பிளவுகளில் கீழிருந்து ஏறிய பசால்ட்டுக் குழம்பு ஏறத்தாழச் செங்குத்தான சுவர்களாக உறைந்தது. அதற்கு மேலே இருந்த பாறைகள் அரிக்கப்பட்டுப் போனதால்தான் இன்று அவை நிலத்தின் மேல் தெரிகின்றன. குழம்பு உறைந்தபோது அது புவிக்குள் இருந்தது, ஆகவே அது ஊடுருவிய பாறை. ஆனால் பிளவின் அகலம் குறைவு, இருபுறப் பாறையும் குழம்பைவிட மிகக் குளிர்ந்தது, ஆகவே அது விரைவாகவே உறைந்தது. இப்படிப்பட்டவற்றை இடையாழப் பாறைகள் என்று தனி உட்பிரிவாக வைப்பதும் இதனால்தான். வேதியியல் கலவையில் பசால்ட், டோலரைட், கேப்ரோ ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. படிகங்கள் நுண்ணியவையாக இருந்தால் பசால்ட், ஏறக்குறைய 1 மில்லிமீட்டரை ஒட்டி நடுத்தரமாக இருந்தால் டோலரைட், வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பெரியவையானால் கேப்ரோ. நுண்படிக ரையோலைட்டும் பெரும்படிகக் கிரானைட்டும், நுண்படிக ஆண்டசைட்டும் பெரும்படிக டயோரைட்டும் இவ்வாறே இணைகளாக வரும்.

மகாராட்டிரத்தின் நந்துர்பார், துலே பகுதிகளில் இன்னும் தெளிவான ஒரு காட்சி உண்டு. அங்கே தக்காணப் பீடபூமியைச் சேர்ந்த பசால்ட்டுப் படுகைகளின் (வழிந்து உறைந்த குழம்பு அடுக்குகளின்) ஊடாக நூற்றுக்கணக்கான டோலரைட்டுச் சுவர்கள் ஓடுகின்றன. சுற்றியுள்ள பாறை தேய்ந்துபோக, அவை மதில்களைப் போல நிலத்துக்கு மேலே எழுந்து நிற்கின்றன. இத்தகைய பிளவுகள் சிலவற்றின் வழியே ஏறிய குழம்புதான் மேலே வழிந்து படுகையானது. ஒரே பிளவில், ஒரே குழம்பு. பிளவுக்குள் உறைந்த பகுதி ஊடுருவிய பாறை, வாய்க்கு வெளியே வழிந்த பகுதி வெளிப்புறப் பாறை. இரண்டுக்கும் இடையே கலவையில் வேறுபாடு தேடுவது வீண்.

பதில்: குவாரி மேலாளர்

மேலே ஐயா எழுதியதைக் குவாரியில் நேரடியாகப் பார்க்க முடியும் என்பதால் சில வரிகள் எழுதுகிறேன். பாறையியலில் எனக்குப் பட்டம் இல்லை. கறுப்புக் கல் வெட்டும் குவாரிகளில் வேலை பார்த்த அனுபவம் உண்டு.

ஆசிரியை அவர்கள் குறிப்பிட்ட மிக நுண்மையான துண்டு, பக்கத்துப் பாறையைத் தொட்டுக்கொண்டிருந்த விளிம்பிலிருந்து வந்தது என்பதே இங்கே முக்கியமான செய்தி. கறுப்புக் கல் சுவரின் ஓரத்தில் நின்று நடுப்பகுதி நோக்கி நடந்தால், கல்லின் மணி, அதாவது படிகத் துகள், படிப்படியாகப் பருமனாவதைக் கைலென்ஸ் வைத்துப் பார்க்கலாம். விளிம்பில் மணியே தெரியாது. கல் இறுகி, மழுங்கிய கறுப்பாக இருக்கும். நடுவே வரவர, மெருகேற்றிய முகப்பில் சிறுசிறு குச்சிகளைப் போல வெளிறிய கனிமங்கள் கறுப்புக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பது தெரியும். மறு விளிம்பை நெருங்கும்போது மணி மீண்டும் நுண்மையாகிவிடும். இரண்டு விளிம்பிலும் ஒரே மாதிரி நுண்மையாவதை நான் பார்த்த சுவர்களில் எல்லாம் கண்டிருக்கிறேன். விளிம்பில் வெடிப்புகளும் நெருக்கமாக இருப்பதால் பெரிய பிளாக் எடுக்க அந்தப் பகுதி உதவாது, ஒதுக்கிவிடுவோம். உங்களுக்குக் கிடைத்த துண்டு அப்படி ஒதுக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும்.

வணிகப் பெயரைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். கல் வியாபாரத்தில் வெட்டி மெருகேற்றக்கூடிய கடினமான கல் எல்லாமே கிரானைட்தான். டோலரைட்டும் கேப்ரோவும் நைஸும் அதே பெயரில்தான் விற்பனையாகின்றன. பில்லில் கிரானைட் என்று எழுதியிருப்பதை வைத்து அந்தக் கல்லின் பிறப்பைத் தீர்மானிக்க முடியாது. நடுப்பகுதிக் கல்லில் ஒரு மெருகேற்றிய துண்டும் விளிம்புத் துண்டும் பக்கத்தில் உள்ள நைஸும் சேர்த்து ஒரு தொகுப்பாகக் கேட்டால், பள்ளிக்கென்றால் எந்தக் குவாரியிலும் மறுக்க மாட்டார்கள்.

பதில்: கள ஆய்வாளர்

குவாரி மேலாளர் அவர்கள் சொன்ன இரண்டு விளிம்பு என்பதுதான் இந்தக் கேள்விக்கு ஆகச் சிறந்த விடை என்று நான் கருதுகிறேன். ஆகவே அதை இன்னும் சற்று விரிவாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

குத்துப்பாறையில் சிக்கல் குறைவு. செங்குத்தான சுவராக இருக்கும் ஒன்றை யாரும் எரிமலைக் குழம்பு வழிந்த படுகை என்று நினைக்க மாட்டார்கள். உண்மையான சிக்கல், படிவுப் பாறை அடுக்குகளுக்கு இடையே கிடையாகப் புகுந்து உறைந்த பாறையில்தான் வருகிறது. சில் எனப்படும் இந்தக் கிடைப்பாறையும், நிலத்தின் மேல் வழிந்து உறைந்து பின்னர் வண்டலால் மூடப்பட்ட எரிமலைக் குழம்புப் படுகையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்: மேலேயும் கீழேயும் மணற்கல், நடுவே கறுப்புப் பாறை. இரண்டும் சில பத்து மீட்டர் தடிமன் கொண்டிருந்தால் மணியின் அளவிலும் பெரிய வேறுபாடு இராது. இங்கே விடை அந்தக் கறுப்புப் பாறையைவிட அதன் மேல் எல்லையில்தான் அதிகம் கிடைக்கிறது.

புகுந்து உறைந்ததாக இருந்தால், குழம்பு வந்தபோது மேலடுக்கு ஏற்கெனவே அங்கே இருந்தது. எனவே கீழடுக்கைப் போலவே மேலடுக்கும் சூட்டில் வெந்து இறுகியிருக்கும், கறுப்புப் பாறையும் இரண்டு எல்லைகளிலும் நுண்மணியாகியிருக்கும். மேலடுக்கிலிருந்து பெயர்ந்த துண்டுகள் கறுப்புப் பாறைக்குள் சிக்கியிருக்கலாம்; சில இடங்களில் கறுப்புப் பாறை ஓர் அடுக்கை விட்டு அடுத்த அடுக்குக்கு ஏறிச் சென்றிருக்கும், மேலே சிறு கிளைகளையும் அனுப்பியிருக்கும். வழிந்து உறைந்ததாக இருந்தால், மேலே உள்ள வண்டல் பின்னால் வந்து சேர்ந்தது. அது வெந்திருக்காது. மாறாக, குழம்புப் படுகையின் மேற்பகுதி குமிழித் துளைகளுடன் கரடுமுரடாக இருக்கும், காற்றிலும் மழையிலும் சிதைந்து மண்ணாகியிருக்கலாம், அந்தப் படுகையின் உடைந்த துண்டுகள் மேலே வந்து படிந்த வண்டலுக்குள் கலந்திருக்கும். யாருடைய துண்டு யாருக்குள் இருக்கிறது என்று பாருங்கள்; துண்டைக் கொடுத்தது மூத்தது, உள்ளே வாங்கிக்கொண்டது இளையது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் இந்த இரண்டையும் ஒரே பூங்காவுக்குள் பார்க்கலாம். அங்குள்ள ஆர்தர்ஸ் சீட் என்னும் 251 மீட்டர் உயரமுள்ள குன்று, ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உமிழ்ந்த எரிமலையின் எச்சம். அதன் சரிவுகளில் வழிந்து உறைந்த குழம்புப் படுகைகள் இருக்கின்றன. அதன் மேற்கில் நகரத்தைப் பார்த்தபடி நிற்கும் சாலிஸ்பரி கிராக்ஸ் என்னும் செங்குத்தான பாறைமுகம், அந்த எரிமலை அடங்கிய பிறகு மணற்கல் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து உறைந்த கிடைப்பாறை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மலையின் பகுதிகள். ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பாறைமுகத்தின் அடிவாரத்தை ஆராய்ந்தபோது, கறுப்புப் பாறை தன் கீழே இருந்த மணற்கல் அடுக்குகளை நெம்பிப் பெயர்த்து, அவற்றில் ஒரு பகுதியைத் தனக்குள் சிக்கவைத்திருப்பதைக் கண்டார். மணற்கல் உறுதியான பாறையாக அங்கே இருந்த பிறகே கறுப்புப் பாறை உருகிய நிலையில் வந்து புகுந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. அந்த இடம் இன்றும் ஹட்டனின் பெயரால் அழைக்கப்படுகிறது.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விவாதம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜெர்மனியின் பிரைபர்க் சுரங்கக் கல்லூரியில் கற்பித்த ஆபிரகாம் வெர்னரும் அவருடைய மாணவர்களும், கிரானைட், பசால்ட் இரண்டுமே ஆதிக் கடலின் நீரிலிருந்து படிந்தவை என்று உறுதியாக நம்பினார்கள். 1785ஆம் ஆண்டில் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் கிரானைட் தன்னைச் சுற்றியிருந்த பழைய பாறைகளுக்குள் நரம்புகளாகக் கிளைத்துச் சென்றிருப்பதை ஹட்டன் கண்டபோது, கிரானைட் எல்லாப் பாறைகளுக்கும் மூத்தது என்ற அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. இருந்தாலும் ஓர் ஆட்சேபம் எஞ்சியிருந்தது: உருகிய பொருள் குளிர்ந்தால் கண்ணாடிதானே ஆகும், படிகங்கள் நிறைந்த கல் எப்படி வரும்? ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால், எடின்பரோவைச் சுற்றியுள்ள கறுப்புப் பாறைகளை உலையில் உருக்கி, விரைவாக ஆற்றியபோது கண்ணாடியையும் அதே குழம்பை மெல்ல ஆற்றியபோது படிகங்கள் கொண்ட கல்லையும் பெற்று, 1798ஆம் ஆண்டில் அந்த முடிவுகளை வெளியிட்டார். உங்கள் பாடநூலில் ஒரே வரியில் வரும் மெல்லக் குளிர்ந்தால் பெரிய படிகம் என்பது, இப்படி ஒருவர் உலையின் முன் நின்று நிறுவிய உண்மை. அதை மாணவர்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

உங்களிடம் உள்ள மற்றொரு மாதிரிக்கு, அதாவது மும்பை–புனே பாதைப் பசால்ட்டுக்கு, வழிந்து உறைந்ததன் அடையாளங்கள் அந்த மலைச்சரிவிலேயே அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வழிந்து, இன்றும் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்துகிடக்கும் அந்தப் படுகைகளுக்கு இடையே பல இடங்களில் செந்நிற மண்படலங்கள் உள்ளன. ஒரு படுகை உறைந்து, அதன் மேற்பரப்பு சிதைந்து மண்ணாக மாறும் அளவுக்குக் காலம் கடந்த பிறகே அடுத்த படுகை அதன் மேல் வழிந்திருக்கிறது. வேறு சில இடங்களில் படுகைகளுக்கு நடுவே ஏரி வண்டலும், மும்பையின் வொர்லியில் அந்த வண்டலுக்குள் தவளைப் புதைபடிவங்களும் கிடைத்துள்ளன. புவிக்குள் புகுந்து உறைந்த பாறைகளுக்கு நடுவே தவளைகள் வாழ்ந்திருக்க முடியாது.

மறுகேள்வி: சமூக அறிவியல் ஆசிரியை

மூவருக்கும் என் நன்றி. விளிம்பிலிருந்து நடுப்பகுதிவரை மணி மாறுவதைக் காட்ட ஒரு தொகுப்பைத் திரட்டப் போகிறேன். இதை ஒட்டி இன்னொரு ஐயம். தக்காணப் பசால்ட்டிலேயே விரல் நீளப் படிகங்கள் உள்ள கல்லைப் படத்தில் பார்த்திருக்கிறேன். மேற்பரப்பில் உறைந்த பாறையில் அவ்வளவு பெரிய படிகங்கள் எப்படி வந்தன? வெளிப்புறப் பாறையில் பெரிய படிகமும், ஊடுருவிய பாறையில் நுண்படிகமும் இருக்கலாம் என்றால், மாணவர்கள் படிகத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற நிலவியலாளர்

அஞ்ச வேண்டாம். பெரிய படிகத்தை மட்டும் பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள நுண்ணிய தளத்தையும் சேர்த்துப் பார்க்கப் பழக்கினால் போதும். நீங்கள் பார்த்த கல்லில், சென்டிமீட்டர்க் கணக்கில் நீண்ட பிளாஜியோகிளேஸ் என்னும் பெல்ஸ்பார் வகைக் கனிமத்தின் படிகங்கள் நுண்மணித் தளத்தில் பதிந்திருக்கும். அந்தப் பாறை இரண்டு கட்டங்களில் குளிர்ந்தது என்பதே அதன் பொருள்: குழம்பு ஆழத்தில் தேங்கி நின்றபோது பெரிய படிகங்கள் வளர்ந்தன, பிறகு அவற்றையும் சுமந்துகொண்டு குழம்பு மேலே வந்து வழிந்தபோது எஞ்சிய திரவம் விரைவாக உறைந்து நுண்மணித் தளமாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் இத்தகைய படுகைகள் பல உள்ளன. கடைசியில் உறைந்த இடத்தைச் சொல்வது தளம்தான்.

தடிமனின் செல்வாக்கு மேற்பரப்பிலும் செயல்படுகிறது. ஹவாயின் கிலாவேயா இக்கி என்னும் பள்ளத்தில் 1959ஆம் ஆண்டில் எரிமலை உமிழ்ந்தபோது, 100 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள குழம்பு ஏரி ஒன்று தேங்கியது. மேலே சில நாட்களில் ஏடு படிந்துவிட்டாலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த ஏட்டைத் துளையிட்டு இறங்கியவர்கள் கீழே உருகிய குழம்பைக் கண்டார்கள். ஏரி முழுவதும் உறைந்து முடிய 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. மழைநீர் இறங்கி ஆற்றியும்கூட அவ்வளவு காலம் பிடித்தது. அப்படிப்பட்ட தடித்த குழம்பின் உட்பகுதி, கையில் ஒரு துண்டாக வந்தால், டோலரைட்டிலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாததாக இருக்கும்.

கலவையும் நீரும் கணக்கைக் குழப்பும் இடங்கள் உண்டு. சிலிக்கா மிகுந்த குழம்பு மிகவும் பிசுபிசுப்பானது என்பதால் அணுக்கள் நகர்ந்து படிகமாகச் சேர்வது கடினம். அதனால்தான் ஆப்சிடியன் படிகமே இல்லாத கண்ணாடியாக உறைகிறது. இதற்கு நேர்மாறாகப் பெக்மடைட் என்னும் பெரும்படிக ஊடுருவிய பாறையில், நீரும் பிற ஆவிப்பொருள்களும் மிகுந்த கடைசிக் குழம்பு அணுக்களை எளிதில் நகரவிடுவதால், அகலம் குறைந்த நரம்புகளில்கூட மிகப் பெரிய படிகங்கள் வளர்கின்றன. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 10 மீட்டருக்கும் நீளமான ஸ்போடுமீன் என்னும் கனிமப் படிகங்கள் கிடைத்திருக்கின்றன. நெல்லூரின் மைக்கா ஏடுகளும் பெக்மடைட்டில் விளைந்தவையே. தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி ஆற்றங்கரையில் 1969ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட கொமாட்டியைட் இன்னும் வியப்பானது: மேற்பரப்பில் வழிந்து உறைந்த அந்தப் பாறையில், புல் இதழ்களைப் போல நீண்ட ஆலிவின் என்னும் கனிமப் படிகங்கள் பல சென்டிமீட்டர் வரை வளர்ந்திருக்கின்றன.

படிகத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆழத்தில் அழுத்தம் மிகுதி என்பதால் நீராவியும் பிற வாயுக்களும் குழம்புக்குள் கரைந்தே இருக்கும். மேற்பரப்பை நெருங்கும்போது அவை குமிழிகளாகப் பிரியும். ஆகவே உருண்ட துளைகள் நிறைந்த கல் பெரும்பாலும் வெளிப்புறப் பாறை. மிக ஆழமில்லாத ஊடுருவல்களிலும் சில குமிழிகள் காணப்படுவதுண்டு என்பதால், பெரும்பாலும் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். புனே, நாசிக் பகுதிப் பசால்ட்டில் இந்தத் துளைகளுக்குள் பின்னாளில் வந்து வளர்ந்த ஸ்டில்பைட், அபோபிலைட் ஆகிய கனிமங்களின் படிகங்கள் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவை குழம்பிலிருந்து உறைந்தவை அல்ல என்பதால் அவற்றின் அளவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அறுகோணத் தூண்களை வெளிப்புறப் பாறைக்கு அடையாளமாகப் பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. வட அயர்லாந்தின் ஜயண்ட்ஸ் காஸ்வே வழிந்த குழம்பில் உருவானது. ஆனால் புகுந்து உறைந்த கிடைப்பாறைகளிலும் குத்துப்பாறைகளிலும் அதே போன்ற தூண்கள் உண்டு. குளிரும்போது பாறை சுருங்கி வெடிப்பதால் வருபவை அவை, எங்கே குளிர்ந்தாலும் வரலாம்.

வெளிப்புறப் பாறை என்றால் வழிந்த குழம்பு மட்டுமே என்றும் எண்ண வேண்டாம். வெடித்துச் சிதறிய சாம்பலும் அதில் அடங்கும். சுமத்ராவின் டோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்பு உமிழ்ந்த சாம்பல், ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் இன்றும் படலமாக இருக்கிறது.

பதில்: கல்வெட்டு ஆர்வலர்

உரையாடலைத் திசைதிருப்பாமல் ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். தமிழ்நாட்டில் மாணவர்கள் அன்றாடம் பார்க்கும் கருங்கல்லில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு பிரிவிலும் நேரடியாக அடங்காது. மாமல்லபுரத்தின் பாறைகளும் பல்லாவரத்தின் குன்றுகளும் சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் உள்ள கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893ஆம் ஆண்டில் அவர் நினைவாக அந்தப் பெயரை இட்டார்; அது பல்லாவரத்துப் பாறையை ஒத்தது என்பதையும் காட்டினார். அவர் அதை ஊடுருவிய தீப்பாறைத் தொகுதியாகவே கொண்டார். பின்வந்த ஆய்வாளர்களில் பெரும்பாலோர், புவிக்குள் மிக ஆழத்தில் உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை என்று அதைக் கொள்கிறார்கள். பெரிய மணிகள் தெரிகின்றன என்பதற்காகக் கோயில் சுவரைக் காட்டி ஊடுருவிய தீப்பாறை என்று சொல்லிவிடக் கூடாது. கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் ஓடும் கல்லாக இருந்தால் அது நைஸ். அதுவும் உருமாறிய பாறைதான்.

பதில்: ஓய்வுபெற்ற நிலவியலாளர்

மிகவும் தேவையான எச்சரிக்கை. ஆசிரியை அவர்களுக்கு, பெருமணி ஊடுருவிய பாறை ஒன்றையும் தொகுப்பில் வைக்க விரும்பினால், உங்களுக்கு அருகிலேயே ஏலகிரி மலை இருக்கிறது. அது சையனைட் என்னும் அடியாழப் பாறையால் ஆனது. அதன் பெல்ஸ்பார் மணிகளை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

கையில் ஒரு துண்டு மட்டும் இருக்கும்போது எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மணிகள் எல்லாமே பெரியவையாக, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பட்டையில்லாமல் இருந்து, சார்னோகைட் அல்ல என்றும் தெரிந்தால் ஊடுருவிய தீப்பாறை என்று துணிந்து சொல்லலாம். கண்ணாடியாகவோ குமிழித் துளைகள் நிறைந்ததாகவோ இருந்தால் வெளிப்புறத் தீப்பாறை என்று பெரும்பாலும் சொல்லலாம். துளையே இல்லாத கறுப்பு நுண்மணிக் கல்லாக இருந்தால், கனிமங்களைச் சொல்லலாம், உறைந்த இடத்தைத் துண்டை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆகவே குவாரியிலிருந்து வந்த ஒவ்வொரு துண்டோடும் மூன்று செய்திகளை எழுதி வையுங்கள்: அது எடுக்கப்பட்ட சுவரின் அகலம், விளிம்பிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி எடுத்தது, தொட்டுக்கொண்டிருந்த பாறை எது. உங்கள் மாணவியின் கேள்விக்கான விடை அந்தச் சீட்டில் இருக்கும்.